"பொதுவாக" என்றொரு சொல்

ஒரு நூற்பாவுக்கு இளம்பூரணர் ஒரு பொருள் கூற, நச்சினார்க்கினியர் வேறொரு பொருள் கூறுவதைத் தமிழ் பயின்ற நாம் நன்கறிவோம். வகுப்பறையில் அவ்வேறுபாடு பெரும்பாலும் ஒரு தேர்வு வினாவோடு முடிந்துவிடுகிறது. உரை மாறினால் ஒருவருடைய வலை பறிபோகும், படகு பறிபோகும், அவர் சிறைக்கும் செல்ல நேரும் என்றொரு நிலையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், பசிபிக் கடல் நிலத்துக்குள் புகுந்து பல கிளைகளாய்ப் பரந்து கிடக்கும் பியூஜெட் சவுண்ட் என்ற பகுதியில், அப்படி ஒரு நிலை ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் நீடித்தது. வழக்கு சால்மன் மீனைப் பற்றியது. வழக்கின் உயிர்நாடியோ, "குடிமக்கள் அனைவரோடும் பொதுவாக" என்ற ஒரு சொற்றொடர்.

மீன்வளத்தைக் காப்பது பற்றி இன்று பேசுவோர் இரண்டு சொற்களைத் தவறாமல் பயன்படுத்துகின்றனர். ஒன்று நியாயம், மற்றொன்று விதிகளுக்குக் கட்டுப்படுதல். இரண்டும் எப்போதும் ஒரே பக்கத்தில் நிற்கும் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். விதியை மீறியவரே நியாயத்தின் பக்கம் நின்ற கதையும், விதியை இயற்றியவரே அதைக் காட்டிலும் பெரிய விதியை மீறிய கதையும் இவ்வழக்கில் ஒருசேரக் கிடைக்கின்றன. அதனாலேயே இதனைச் சற்று விரிவாகச் சொல்ல விழைகிறோம்.

உடன்படிக்கை எழுதப்பட்ட மொழி

1853-ஆம் ஆண்டில் வாஷிங்டன் பிரதேசம் உருவாக்கப்பட்டது. அதன் முதல் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ். பூர்வகுடிகளின் நிலங்களை முறைப்படி பெற்றுக் குடியேற்றத்துக்குத் திறந்துவிடுவது அவருக்கு இடப்பட்ட பணி. 1854 டிசம்பர் 26 அன்று, நிஸ்குவாலி ஆற்றின் கழிமுகத்துக்கு அருகே, மெடிசின் கிரீக் என்ற ஓடைக்கரையில், நிஸ்குவாலி, பியூவாலப் முதலிய குடிகளின் தலைவர்களோடு முதல் உடன்படிக்கை கையெழுத்தானது. சுமார் 22 லட்சம் ஏக்கர் நிலம் கைமாறிற்று. அடுத்த மாதமே பாயின்ட் எலியட், பாயின்ட் நோ பாயின்ட், நீயா பே ஆகிய இடங்களிலும், அதே ஆண்டில் யாக்கமா முதலிய குடிகளோடும் இத்தகைய உடன்படிக்கைகள் தொடர்ந்தன.

நிலத்தைத் தந்த மக்கள் ஒன்றை மட்டும் விட்டுத்தர மறுத்தனர். அது மீன். அம்மக்களுக்கு மீன் உணவு மட்டுமன்று. வாணிகமும் விழாவும் உறவும் அதுவே. பருவத்தின் முதல் சால்மனைப் பகிர்ந்துண்டு, அதன் முள்ளெலும்பை மீண்டும் ஆற்றிலேயே இடும் சடங்கு அவர்களிடையே உண்டு. இதனை ஸ்டீவன்சும் உணர்ந்திருந்தார். ஒரு தந்தை தம் மக்களுக்கு உணவு தருவதுபோல இந்தத் தாள் உங்கள் மீனை உங்களுக்கு உறுதிசெய்கிறது என்று பாயின்ட் நோ பாயின்ட் கூட்டத்தில் அவர் கூறியது பதிவாகியுள்ளது. அந்த உறுதி உடன்படிக்கைகளில் ஒரு பிரிவாக இடம்பெற்றது. வழக்கமாகவும் பழக்கமாகவும் மீன்பிடித்துவந்த எல்லா இடங்களிலும் மீன்பிடிக்கும் உரிமை, பிரதேசத்தின் குடிமக்கள் அனைவரோடும் பொதுவாக, இம்மக்களுக்கு உறுதிசெய்யப்படுகிறது என்பது அதன் கருத்து.

இங்கே மொழியைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். உடன்படிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. கேட்டவர்கள் பேசியதோ பல்வேறு பூர்வகுடி மொழிகள். இரண்டுக்கும் நடுவே பாலமாக நின்றது சினூக் கலப்புமொழி. சந்தையில் தோலும் மீனும் கம்பளியும் மாற்றிக்கொள்வதற்காகப் பிறந்த, சில நூறு சொற்களே கொண்ட வாணிக மொழி அது. அதில் கடலுக்குச் "சால்ட்சக்" என்று பெயர். ஆங்கிலேயரின் உப்பும் பூர்வகுடிகளின் நீரும் கூடிப் பிறந்த சொல். பேரம் பேச அம்மொழி போதும். உரிமை, ஆட்சி எல்லை, கூட்டுடைமை போன்ற சட்டக் கருத்துகளைச் சொல்ல அது எள்ளளவும் போதாது. உடன்படிக்கைகளை எழுதுவதில் பங்குகொண்ட ஜார்ஜ் கிப்ஸ் என்பவரே பின்னர் அக்கலப்புமொழிக்கு ஓர் அகராதி தொகுத்தார் என்பதும், அது 1863-இல் வெளிவந்தது என்பதும் நம்மைப் போன்றோர்க்குச் சுவையான செய்திகள். அம்மொழியில் எது இல்லை என்பதை அவரைவிட நன்கறிந்தவர் இருந்திருக்க முடியாது.

ஆக, "பொதுவாக" என்ற சொல்லைக் கையெழுத்திட்டவர்கள் காதால் எவ்வாறு கேட்டனர் என்பது எந்தத் தாளிலும் இல்லை. உடன்படிக்கையில் தரப்பட்ட ஒதுக்கீட்டு நிலம் ஆற்றைவிட்டு விலகிய வறட்டு மேடு என்பதை நிஸ்குவாலி மக்கள் விரைவிலேயே கண்டனர். 1855-இல் போர் மூண்டது. அதன்பின் ஒதுக்கீட்டு நில எல்லைகள் திருத்தப்பட்டன. எனினும் நிஸ்குவாலித் தலைவர் லெஷை கொலைக்குற்றம் சாட்டப்பட்டு 1858 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். அவர் உடன்படிக்கையில் தம் குறியை இட்டாரா என்பதே இன்றளவும் சர்ச்சைக்குரியது. 2004-இல் கூடிய சிறப்பு வரலாற்று மன்றம் ஒன்று அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு தாமதமாக.

வரிசையின் கடைசியில் நிற்பவன்

உடன்படிக்கை எழுதப்பட்டபோது மீனுக்காக யாரும் சண்டையிடவில்லை. குடியேறியவர்கள் சிலரே. அவர்களுக்கு வேண்டிய மீனையும் பூர்வகுடிகளே பெரும்பாலும் பிடித்துத் தந்தனர். 1877-இல் முக்கில்டியோவில் பியூஜெட் சவுண்டின் முதல் சால்மன் தகர அடைப்பு ஆலை தொடங்கியது. அதன்பின் நிலைமை தலைகீழாயிற்று. தகர டப்பாவில் அடைத்த சால்மன் உலகச் சந்தைக்குச் சென்றது. கரையோரங்களில் பெரும் மீன்பொறிகள் நடப்பட்டன. ஆறுகளில் நீரின் விசையால் தானே சுழன்று மீனை வாரும் மீன்சக்கரங்கள் நின்றன. பிறகு விசைப்படகுகள் வந்தன.

இவ்விடத்தில் சால்மனின் வாழ்வை நாம் ஒருகணம் நினைக்க வேண்டும். அது ஆற்றின் தலைப்பகுதியில் கூழாங்கற்களிடையே பிறக்கிறது, கடலுக்குச் செல்கிறது, சில ஆண்டுகள் அங்கே வளர்கிறது, பிறகு தான் பிறந்த ஆற்றையே தேடித் திரும்பி, முட்டையிட்டு மடிகிறது. திரும்பும் வழியில் அதனை முதலில் எதிர்கொள்பவர் ஆழ்கடலில் தூண்டில் வரிசை இழுக்கும் படகினர். அடுத்து, சவுண்டின் விரிந்த நீரில் செவுள் வலையும் சுற்று வலையும் இடும் படகினர். ஆற்றுவாயில் உல்லாசத் தூண்டில்காரர். இவர்கள் அனைவரையும் கடந்து ஆற்றுக்குள் ஏறும் மீனுக்காக, தம் பாட்டன் நின்ற அதே வளைவில் வலையோடு காத்திருப்பவர் பூர்வகுடி மீனவர். வரிசையின் கடைசி ஆள் அவரே.

மீன் குறைந்தது. குறைந்ததும் அரசுக்கு மீன்வளப் பாதுகாப்பு நினைவுக்கு வந்தது. முட்டையிடச் செல்லும் மீனைக் காக்க வேண்டும். ஆகவே ஆற்றில் வலை வீசக் கூடாது என்று விதி பிறந்தது. விதி எல்லோருக்கும் பொது. வெள்ளையரும் ஆற்றில் வலை வீசக் கூடாது. படிக்கும்போது இதில் குறையேதும் தெரியாது. ஆனால் கடலில் வலை வீசப் படகுள்ளவர்களுக்கு அவ்விதியால் இழப்பில்லை. ஆற்றைத் தவிர வேறிடம் இல்லாதவரின் தலையிலேயே அதன் முழுச்சுமையும் இறங்கியது. கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் ஸ்டீல்ஹெட் என்ற மீனை விளையாட்டு மீன் என்று அறிவித்துத் தூண்டிலுக்கு மட்டும் உரியதாக்கினர். தூண்டிலில் பொழுதுபோக்கப் பிடித்தால் அது விளையாட்டு. வலையில் குடும்பத்துக்காகப் பிடித்தால் குற்றம். எழுத்தில் சமமாயிருக்கும் விதி நடப்பில் எவ்வளவு சாய்ந்து நிற்க முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பகுதியில் பிடிபட்ட சால்மனில் உடன்படிக்கைக் குடிகளின் பங்கு நூற்றில் ஐந்துக்கும் குறைவு. மீன் அழிவதற்கு அவர்களுடைய ஆற்றுவலையே காரணம் என்ற பேச்சு மட்டும் நூற்றுக்கு நூறாக இருந்தது.

நீதிமன்றங்களின் தயக்கம்

நீதிமன்றங்கள் வாளாவிருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பாதிவழியே சென்றன. கொலம்பியா ஆற்றில் மீன்சக்கரம் வைத்து யாக்கமா மக்களை வழிமறித்த வினான்ஸ் சகோதரர்களுக்கு எதிரான வழக்கில், 1905-இல் உச்ச நீதிமன்றம் ஓர் அரிய விளக்கம் தந்தது. மீன்பிடிப்பது அம்மக்களுக்கு மூச்சுக்காற்றுக்கு நிகரான தேவை என்றது. உடன்படிக்கை என்பது பூர்வகுடிகளுக்கு நாம் தந்த உரிமை அன்று. அவர்கள் நமக்குத் தந்த உரிமை. அவர்கள் தராமல் தமக்கென வைத்துக்கொண்டவை அவர்களிடமே உள்ளன என்றும் அது கூறியது. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பதைத் திருப்பிப் போட்ட இந்த ஒரு வாக்கியம் பின்னர் வந்த அனைத்துக்கும் வேராயிற்று.

1942-இல், பூர்வகுடி மீனவரிடம் உரிமக் கட்டணம் வாங்கக் கூடாது என்ற தீர்ப்பு வந்தது. அதிலேயே பாதுகாப்புக்குத் தேவையான விதிகளை மாநிலம் இயற்றலாம் என்ற வாயிலும் திறந்துவைக்கப்பட்டது. 1968-இல், பியூவாலப் குடியினரின் வழக்கில், அவ்விதிகள் பாரபட்சமின்றி இருந்தால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். அதே வழக்கு மீண்டும் வந்தபோது, 1973-இல், ஸ்டீல்ஹெட் முழுவதையும் தூண்டில்காரர்க்கே ஒதுக்கிவிட்டு வலையைத் தடைசெய்வது பாரபட்சமே என்று தெளிவுபடுத்தியது. ஆனால் யாருக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு விடை வரவில்லை. "பொதுவாக" என்ற சொல் இன்னும் உரை காணாமலே கிடந்தது.

ஆற்றங்கரைப் போர்

நிஸ்குவாலி ஒதுக்கீட்டு நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை 1917-இல் இராணுவ முகாமுக்காக எடுத்துக்கொண்டனர். நிலமிழந்த குடும்பங்களுள் ஒன்று, ஆற்றின் கீழ்ப்பகுதியில் சில ஏக்கர் வாங்கிக் குடியமர்ந்தது. ஃபிராங்க்ஸ் லேண்டிங் என்று அவ்விடத்துக்குப் பெயர். அக்குடும்பத்துப் பிள்ளை பில்லி ஃபிராங்க், 1945-இல், தம் பதினான்காம் வயதில், வலையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டிருந்தபோது முதன்முறை கைதானார். அதன்பின் ஐம்பது முறைக்கு மேல் கைதாகியிருக்கிறார். இடையில் கடற்படைச் சிப்பாயாக நாட்டுக்குப் பணியாற்றியும் இருக்கிறார். நாட்டின் சீருடையில் இருந்தவர், அந்நாடே கையெழுத்திட்ட தாளின்படி வலை வீசியதற்காகச் சிறைசென்றார்.

அறுபதுகளில் ஹாங்க் ஆடம்ஸ் முதலிய இளைஞர்கள் இதனை ஓர் இயக்கமாக்கினர். கறுப்பின மக்கள் உணவகங்களில் அமர்ந்து மறியல் செய்ததுபோல, இவர்கள் ஆற்றில் வலை வீசி மறியல் செய்தனர். 1964 மார்ச்சில் நடிகர் மார்லன் பிராண்டோ பியூவாலப் ஆற்றில் வலை வீசிக் கைதானார். நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரெகரி இதற்காகச் சிறையிலும் இருந்தார். நாளிதழ்கள் திரும்பிப் பார்த்தன.

1970 செப்டம்பர் 9 அன்று, பியூவாலப் ஆற்றின் பாலத்தடியில் அமைந்திருந்த போராட்ட முகாமைக் காவல்துறையினர் கண்ணீர்ப்புகையோடும் தடிகளோடும் கலைத்தனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். அன்று அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுள் ஒருவர் ஸ்டான் பிட்கின். கூட்டாட்சி அரசின் அப்பகுதி வழக்கறிஞர். கண்ணீர்ப்புகை அவர் கண்ணையும் விடவில்லை. ஒன்பது நாள் கழித்து, அமெரிக்க அரசு வாஷிங்டன் மாநிலத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. உடன்படிக்கையில் கையெழுத்திட்டது அமெரிக்க அரசு. அதைக் காக்கும் கடமையும் அதற்கே என்பது வழக்கின் அடிப்படை.

போல்ட் எழுதிய உரை

வழக்கு ஜார்ஜ் போல்ட் என்ற நீதிபதியிடம் வந்தது. ஐசன்ஹோவர் காலத்தில் நியமிக்கப்பட்டவர். சட்டம் ஒழுங்கில் கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். போராட்டக்காரர்கள்பால் இரக்கம் காட்டுவார் என்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பதினான்கு குடிகள் வழக்கில் இணைந்தன. விசாரணை 1973 ஆகஸ்டில் தொடங்கியது. முதியவர்கள் தம் மொழியில், தம் நினைவிலிருந்து, எந்த ஆற்றுவளைவில் யாருடைய குடும்பம் மீன்பிடித்தது என்று சாட்சியம் கூறினர். பார்பரா லேன் என்ற மானிடவியலாளர் உடன்படிக்கைக் காலத்து ஆவணங்களை ஒவ்வொரு குடிக்கும் தனித்தனியே ஆராய்ந்து முன்வைத்தார். வாய்மொழி வழக்காறும் ஏட்டுச் சான்றும் அருகருகே வைத்து எடைபோடப்பட்டன.

மாநிலத்தின் சார்பில் அட்டர்னி ஜெனரல் ஸ்லேட் கார்ட்டன் வாதத்தை வழிநடத்தினார். அவர் தரப்பு வைத்த பொருள் இது: "அனைவரோடும் பொதுவாக" என்றால் மற்ற குடிமகனுக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவே, தனியுரிமை ஏதுமில்லை. கேட்பதற்கு இது நேர்மையான சமத்துவமாகவே ஒலிக்கிறது. ஆனால் அப்பொருளை ஏற்றால் அந்தப் பிரிவே வெற்றுச் சொல்லாகிவிடும். எவருக்கும் உள்ள உரிமையைப் பெறுவதற்காகவா ஒரு மக்கள் தம் நாட்டையே எழுதிக் கொடுத்தனர்? பயனில்லாத சொல் நூற்பாவில் இடம்பெறாது என்பது நம் உரையாசிரியர்களும் கைக்கொள்ளும் நெறியன்றோ!

1974 பிப்ரவரி 12, ஆப்ரகாம் லிங்கனின் பிறந்தநாள். இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட தீர்ப்பை அன்று போல்ட் வெளியிட்டார். அமெரிக்கச் சட்டத்தில் முன்பே நிலைபெற்றிருந்த ஒரு கோட்பாட்டை அவர் இறுகப் பற்றிக்கொண்டார். பூர்வகுடிகளோடு செய்த உடன்படிக்கையின் சொற்களை, சட்ட வல்லுநர் எழுதியபடி அன்றி, அம்மக்கள் அன்று எவ்வாறு புரிந்துகொண்டிருப்பார்களோ அவ்வாறே பொருள்கொள்ள வேண்டும் என்பது அக்கோட்பாடு. எழுதியவன் வலியவன், மொழி அவனுடையது, ஆகவே ஐயம் எழுமிடத்தில் கேட்டவன் பக்கமே பொருள் சாய வேண்டும்.

அந்த வழியில் சென்று அவர் கண்ட பொருள் இதுவே: "பொதுவாக" என்றால் சமமாகப் பகிர்ந்துகொள்வது. இருதரப்பார் ஒன்றைப் பொதுவில் வைத்திருந்தால் ஆளுக்குப் பாதி. முட்டையிடுவதற்குத் தேவையான மீனை முதலில் ஆற்றில் விட்டுவிட வேண்டும். பிடிக்கத்தக்கது என்று எஞ்சுவதில், குடிகளின் பழக்கப்பட்ட இடங்களைக் கடந்து செல்ல வேண்டிய மீனில், பாதியைப் பிடிக்கும் வாய்ப்பு உடன்படிக்கைக் குடிகளுக்கு உண்டு. பாதுகாப்புக்காக விதி இயற்ற மாநிலத்துக்கு அதிகாரமுண்டு. ஆனால் அவ்விதி உண்மையிலேயே தேவையானது என்றும், மற்ற மீனவரைக் கட்டுப்படுத்தியும் அந்நோக்கம் நிறைவேறவில்லை என்றும் மாநிலமே மெய்ப்பிக்க வேண்டும். தகுதியுள்ள குடிகள் தம் மீனவரைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம்.

கடைசியில் சொன்னது சிறிய செய்தியன்று. அதுவரை விதிக்குக் கட்டுப்பட வேண்டியவர் என்று மட்டுமே கருதப்பட்ட மக்கள், விதியை இயற்றுபவராகவும் ஆயினர்.

கட்டுப்பட மறுத்த அரசு

தீர்ப்பு வந்த பின்னரே இவ்வரலாற்றின் விசித்திரமான அத்தியாயம் தொடங்குகிறது. வெள்ளை மீனவர் ஆத்திரமுற்றனர். போல்ட்டின் உருவப் பொம்மைகளைத் தூக்கிலிட்டனர். அவரை இழிக்கும் ஒட்டுத்தாள்கள் கார்களில் பறந்தன. தடைசெய்யப்பட்ட நாள்களில் படகுகள் வெளிப்படையாகவே கடலுக்குச் சென்றன. மேல்முறையீட்டு மன்றம் 1975-இல் தீர்ப்பை உறுதிசெய்தது. 1976-இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. எனினும் மாநிலம் பணியவில்லை. மாநில மீன்வளத் துறைக்கு இத்தீர்ப்பை நடைமுறைப்படுத்த அதிகாரமில்லை என்று 1977-இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றமே கூறிவிட்டது. வேறுவழியின்றிக் கூட்டாட்சி நீதிமன்றமே மீன்பிடியின் மேலாண்மையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஒரு நீதிபதி, எந்த வாரம் எந்த நீரில் யார் வலை வீசலாம் என்பதைத் தீர்மானிக்கும் நிலை வந்தது.

ஒரு தலைமுறையாக "சட்டத்தை மதியுங்கள்" என்று ஆற்றங்கரையில் முழங்கிய அரசு, தனக்குச் சட்டம் எதிராக வந்தபோது அதனை மதிக்கவில்லை. 1979 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கிற்று. பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழிக்கும் தீர்ப்புகளுக்கு எழுந்த எதிர்ப்பை விட்டால், அந்நூற்றாண்டில் ஒரு கூட்டாட்சி நீதிமன்ற ஆணையை முறியடிக்க இவ்வளவு திட்டமிட்ட முயற்சி நடந்ததில்லை என்ற கீழ்மன்றத்தின் கருத்தையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. போல்ட்டின் முடிவு சில திருத்தங்களோடு நிலைநின்றது. பாதி என்பது உச்சவரம்பு. குடிகள் ஓரளவு நல்வாழ்வு நடத்தத் தேவையான அளவைத் தாண்டினால் பங்கு குறையலாம் என்பது திருத்தங்களுள் ஒன்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதியின் பெயரும் ஸ்டீவன்ஸ். 1854-இன் ஸ்டீவன்ஸ் எழுதுவித்த சொல்லுக்கு 1979-இன் ஸ்டீவன்ஸ் இறுதி உரை எழுதினார் எனலாம்.

எதிர்க்கரையில் நின்றவர்

இக்கதையை நல்லவர், தீயவர் என்று இரண்டாகப் பிரித்து முடித்துவிட்டால் நமக்கு வசதிதான். ஆனால் அது நியாயமாகாது. எதிர்த்தரப்பில் நின்ற படகினருள் பலர் பெருஞ்செல்வர் அல்லர். நார்வேயிலிருந்தும் குரோவேஷியக் கரையிலிருந்தும் வந்து இரண்டு மூன்று தலைமுறையாகக் கடலையே நம்பியிருந்த குடும்பங்கள் அவை. வங்கிக் கடனில் படகு வாங்கியவர்கள். அவர்களுக்கு உரிமம் தந்தது மாநிலம். எழுபதுகளின் நடுப்பகுதி வரை அவ்வுரிமங்களுக்குச் சரியான உச்சவரம்பே இருக்கவில்லை. தன்னுடையதல்லாத பங்கையும் சேர்த்து மாநிலம் விற்றது; வாங்கியவர் அதை அறியாமல் வாங்கினார். ஒரு நாளில் பாதி போய்விட்டது என்றபோது அவர்களுடைய சினம் நீதிபதியின் மேலும் பூர்வகுடிகளின் மேலும் பாய்ந்தது. பாய்ந்திருக்க வேண்டிய இடம் வேறு. படகுகளையும் உரிமங்களையும் அரசே திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டங்கள் பின்னர் வந்தன. ஆனால் தொழிலை இழந்த மனத்துக்கு அது ஈடாகுமா?

பழைய அநீதி ஒன்றைத் திருத்தும்போது, அந்த அநீதியின் மேல் அறியாமல் வீடு கட்டிக்கொண்டவர் என்ன ஆவார் என்ற கேள்வி, மீன்வளத்தைப் பங்கிடும் எந்த நாட்டிலும் எழும். அதற்குத் தீர்ப்பில் விடை இல்லை. அரசுகளின் கருவூலத்திலும் மனச்சாட்சியிலும்தான் விடை தேட வேண்டும்.

எதில் பாதி?

1974-இலேயே குடிகள் ஒன்றுகூடி வடமேற்குப் பூர்வகுடி மீன்வள ஆணையத்தை அமைத்தன. பல்லாண்டுகள் அதன் தலைவராக இருந்தவர், பதினான்கு வயதில் கைதான அதே பில்லி ஃபிராங்க். தமக்கென உயிரியலாளர்களையும் ரோந்துக் காவலரையும் மீன்குஞ்சு பொரிப்பகங்களையும் குடிகள் ஏற்படுத்திக்கொண்டன. எண்பதுகளில் மாநிலமும் வழக்கை விட்டு மேசைக்கு வந்தது. ஆண்டுதோறும் பருவத்துக்கு முன்னர் இருதரப்பு வல்லுநரும் ஒன்றாய் அமர்ந்து, வரவிருக்கும் மீனை மதிப்பிட்டுப் பங்கிடும் கூட்டு மேலாண்மை உருவாயிற்று. 1994-இல் ரஃபீடி என்ற நீதிபதி, சிப்பி முதலிய ஓட்டுமீன்களுக்கும் இதே பாதிப்பங்கு பொருந்தும் என்றார்.

ஆனால் மீன் குறைந்துகொண்டே வந்தது. அணைகள், காடழிப்பு, நகரப் பெருக்கம் ஆகியவை ஆறுகளைச் சிதைத்தன. 1999-இல் பியூஜெட் சவுண்டின் சினூக் சால்மன் அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பாதி என்பது உறுதி. எதில் பாதி என்பதே கேள்வி. மீனே இல்லாத ஆற்றில் பாதியுரிமை எதற்கு?

2001-இல் குடிகள் மீண்டும் நீதிமன்றம் சென்றன. இம்முறை வழக்கு வலையைப் பற்றியதன்று. மாநிலச் சாலைகளுக்கு அடியில் ஓடைகளைக் கடத்திவிடும் குழாய்ப் பாலங்களைப் பற்றியது. குழாய் மிக உயரத்தில் அமைந்தாலோ, நீர் மிக விரைந்து பாய்ந்தாலோ சால்மன் அதனுள் ஏற முடியாது. மேலே கிடக்கும் பல மைல் ஓடை அதற்கு இல்லாமற்போகும். மீன்பிடிக்கும் உரிமையைத் தந்துவிட்டு மீன் வரும் வழியை அடைப்பது உடன்படிக்கை மீறலே என்று குடிகள் வாதிட்டன, கீழ்மன்றங்கள் ஏற்றன. 2018 ஜூன் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நால்வருக்கு நால்வர் எனச் சமமாகப் பிரிந்ததால் கீழ்மன்றத் தீர்ப்பு நிலைத்தது. பல நூறு குழாய்ப் பாலங்களைப் பெருஞ்செலவில் மாற்றியமைக்கும் கடமை மாநிலத்தின் மேல் விழுந்தது. ஒருகாலத்தில் மீன்வளத்தைக் காக்கிறோம் என்று கூறி மீனவனின் வலையைப் பறித்த அரசு, இப்போது மீனவனின் வழக்கால் மீன்வளத்தைக் காக்கும்படி ஆயிற்று.

பில்லி ஃபிராங்க் 2014-இல் மறைந்தார். உடன்படிக்கை உரிமைப்படி மீன்பிடித்ததற்காக முன்னர் தண்டிக்கப்பட்டவர்கள் அத்தண்டனைப் பதிவை நீக்கிக்கொள்ள வழிசெய்யும் மாநிலச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். 2015-இல் அவருக்கு நாட்டின் உயரிய குடியியல் விருதான குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. நிஸ்குவாலிக் கழிமுகத்தின் வனவுயிர்ப் புகலிடத்துக்கும் அவர் பெயரையே சூட்டினர். மெடிசின் கிரீக் உடன்படிக்கை கையெழுத்தான அதே நிலம் அது.

கடலும் ஆறும் பொது என்று சொல்வது எளிது. "பொது" என்ற சொல் நம் மொழியிலும் வழுக்கலான சொல்லே. ஊர்ப்பொது என்றால் எல்லோருக்கும் உரியது. பொதுப்படை என்றால் எவருக்கும் பொருந்தாமல் நழுவுவது. விதி எல்லோருக்கும் பொது என்று ஒருவர் கூறும்போது, இவ்விரண்டில் எந்தப் பொருளில் கூறுகிறார் என்று நாம் கேட்டுப் பழக வேண்டும். வரிசையின் முதலில் நிற்பவன் பார்த்து எழுதிய விதியை, வரிசையின் கடைசியில் நிற்பவன் காதுகொண்டு ஒருமுறை படித்துப் பார்ப்பதே சரியான உரை காணும் முறை. போல்ட் செய்ததும் அதுவே. அதற்கு 1854-இலிருந்து 1974 வரை நூற்றிருபது ஆண்டுகள் பிடித்தன என்பதும், அதற்குள் ஆற்றில் மீன் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதும்தான் நம் நெஞ்சை உறுத்துகின்றன.